வெள்ளையடிக்காத சுவர்

முட்டிகளின் முன்னே இருபத்தைந்து ஆண்டுகள் முழந்தாளிட்டவரே, அளவு நாடாவை அணிகலனாய்க் கழுத்தில் அணிந்தவரே, எழுதியதை அழித்தெழுதாத பேனாவுக்கு உரியவரே, ஆம்பூர்ப் பாலாற்றங்கரைத் தோல் தொழிலாளர் மருந்தகத்தின் தலைமைச் செவிலியர் தனபாக்கியம் அம்மையீர், 1966 மே மாதம் முப்பத்தோராம் நாளாகிய இன்று, உங்களோடு வேலை பார்த்த நாங்கள் அனைவரும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

இந்த மடலை எழுதப் போகிறோம் என்று தெரிந்ததும் நீங்கள் கம்பவுண்டர் நிசார் அஹமதைக் கூப்பிட்டு ஒன்று சொன்னீர்கள். "நிசாரு, என் மூஞ்சிக்கு நேரா நின்னு தாயே தயாபரியேன்னு படிச்சீங்கன்னா நான் எந்திரிச்சி போய்ட்டே இருப்பேன். வேற யாரோ ஒருத்தியப் பத்திச் சொல்ற மாதிரி சொல்லுங்க. நானும் ஒரு ஓரமா உக்காந்து கேட்டுக்கறேன்."

ஆகவே அடைமொழிகளை மேலே சொன்ன மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். இனி வருவது தனபாக்கியம் என்ற ஒருவரின் கதை. அதில் அவர் எங்களிடம் சொன்னவை உண்டு. அவர் சொல்லாமல், பக்கத்தில் இருந்து நாங்கள் புரிந்துகொண்டவையும் உண்டு. எங்காவது பிழை இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் திருத்தலாம். எங்கள் பதிவேடுகளை அப்படித்தான் திருத்தி வந்திருக்கிறார்.

சத்துவாச்சாரியில் பிறந்து வேலூரில் செவிலியர் படிப்பு முடித்த தனபாக்கியம், 1941-இல் இந்த மருந்தகத்துக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயது. தோல் பதனிடும் ஷாப் ஆட்கள் என்றால் சுண்ணாம்புப் புண்ணும் கத்தி வெட்டும்தான் வரும் என்று நினைத்து வந்தார். அவையும் வந்தன. ஆனால் அவற்றைவிட அதிகமாக வந்தவை முட்டிகள். தொட்டிக்குள் இறங்கி நின்று, தண்ணீர் குடித்துக் கனத்த தோலைக் குனிந்து தூக்கி, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, இருபது வருடம் இதையே செய்த ஒருவனுக்கு நாற்பது வயதில் மருந்தகத்தின் மூன்று படிகளே மலையாகிவிடும். பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக ஏறுவான். "முட்டி பேசுது நர்சம்மா" என்பான். உண்மையிலேயே பேசும். கையை வைத்தால் உள்ளே மணல் அரைபடுவது போல விரலுக்குத் தெரியும்.

புண் என்றால் ஆறும். ஆறுவதைத் தனபாக்கியம் கண்ணால் பார்ப்பார். முட்டி அப்படியில்லை. எண்ணெய் தடவி, துணி சுற்றி, "சூடு காட்டு, சரியாய்டும்" என்று சொல்லி அனுப்பினால், அடுத்த மாதம் அதே முட்டி இன்னும் கொஞ்சம் தடித்துத் திரும்பி வரும். கட்டுப் போடும் ஒவ்வொரு முறையும் தன் கை பொய் சொல்கிறது என்று அவருக்குத் தோன்றும். வெளியில் அதைச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தையல்காரரின் அளவு நாடாவை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சரி செய்யத்தான் தெரியவில்லை, எவ்வளவு கெட்டுப்போகிறது என்றாவது தெரிந்துகொள்வோம் என்று தரையில் முட்டி போட்டு, எதிரே நிற்பவனின் முட்டியைச் சுற்றி நாடாவைப் பிடித்தார்.

பிறகு சுவர் வந்தது. கதவுக்குப் பின்னால் உள்ள சுவர். அதில் முதுகை ஒட்டிக்கொண்டு, கையை எதிலும் ஊன்றாமல், எவ்வளவு இறங்கினால் மறுபடி எழ முடியுமோ அவ்வளவு இறங்க வேண்டும். இறங்கிய இடத்தில் இடுப்புக்கு நேராக அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பேரும் தேதியும் எழுதுவார். மூன்று மாதத்துக்கு ஒரு கோடு. கோடு கீழே போனால் முட்டி தேறுகிறது. மேலே ஏறினால் கெடுகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்க வருகிறவர்களோடு அந்தச் சுவருக்காக அவர் சண்டை போட்டது இந்த ஊருக்கே தெரியும்.

1952-இல் டாக்டர் ராமமூர்த்தி இங்கே பொறுப்பேற்றார். அந்த வருடம் சுண்ணாம்புத் தொட்டி வேலையாள் ஒருவர், திருப்பத்தூர்ச் சந்தையில் ஜவ்வாது மலைக்காரர்கள் விற்ற குங்கிலியப் பிசினைத் தின்று தன் முட்டி வீக்கம் வற்றிவிட்டதாகச் சொன்னார். டாக்டர் சிரித்து ஒதுக்கிவிடுவார் என்று நினைத்தார் தனபாக்கியம். அவர் ஒதுக்கவில்லை.

"வீக்கம் வத்தினது நெஜமா இருக்கலாம் சிஸ்டர்," என்றார். "ஆனா எனக்கு வேற ஒண்ணு தெரியணும். ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்த மாதிரி குருத்தெலும்பு இருக்கு. அதுதான் தேயுது. நாள்கணக்கா வீக்கம் நின்னா அதுவே குருத்தெலும்ப அரிக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். அப்ப, வீக்கத்தத் தணிச்சிக்கிட்டே வந்தா தேயறதும் மெதுவாகுமா? வலி போறது வேற. தேய்மானம் தாமதமாறது வேற. எனக்கு ரெண்டாவது தெரியணும்."

தன் கை சொல்லி வந்த பொய்க்கு ஒரு பதில் இருக்கலாம் என்று பத்து வருடத்தில் முதல்முறையாகத் தனபாக்கியத்துக்குத் தோன்றியது அன்றுதான்.

பிசினை இடித்துச் சலித்து, உருட்டி, வெல்லப் பாகில் தோய்த்து மாத்திரையாக்கினார். அதே அளவில் அரிசி மாவிலும் உருட்டி அதே பாகில் தோய்த்தார். வாசனை காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்று இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக ஒரே குங்கிலிய டப்பாவில் வைத்தார். நிஜ மருந்துப் பொட்டலத்துக்குச் சிவப்பு நூல், மாவுப் பொட்டலத்துக்கு வெள்ளை நூல். "ரெண்டுல ஒண்ணுதான் மருந்து, எதுன்னு கேக்கக் கூடாது, கடிக்காம முழுங்கணும்" என்று எல்லோரிடமும் சொல்லித்தான் கொடுத்தார்.

யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார் டாக்டர். அப்போதுதான் தனபாக்கியத்துக்கு அந்த யோசனை வந்தது. தோல் ஷாப்பில் தனி ஆள் கிடையாது, எல்லாம் ஜோடிதான். ஒரு தோலுக்கு இரண்டு பேர், தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். "சார், ஒரே தொட்டி, ஒரே கனம், ஏறக்கொறைய ஒரே வயசு. ஜோடியில ஒருத்தருக்குச் செவப்பு, ஒருத்தருக்கு வெள்ளை குடுப்போம். இதவிட நல்லா ஒத்துப் பாக்க முடியுமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத நீங்களா யோசிச்சீங்க?"

அன்று வீடு திரும்பும்போது பையின் கனமே தெரியவில்லை என்று பல வருடம் கழித்து எங்களிடம் சொன்னார். மற்றவர் சொன்னதைச் சரியாகச் செய்வதில் அவருக்குப் பெயர் உண்டு. தானே யோசித்த ஒன்றுக்காக யாரும் பேனாவைக் கீழே வைத்தது அதற்கு முன்னால் இல்லை. 1953 பொங்கல் கழிந்து, இருபத்து நான்கு ஜோடிகளோடு வேலை தொடங்கியது. சுவரில் ஜோடி ஜோடியாகப் பேர் எழுதினார். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் வேலூருக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே படமும் எடுத்து வந்தார்.

இங்கே நிசார் அஹமது ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறார். பதினோரு வருடமாக அவர் யாரிடமும் சொல்லாதது. 1955-இல், அளந்து அளந்தே தனபாக்கியத்துக்கும் வலது முட்டி வீங்கியிருந்தது. ஒரு மத்தியானம் நிசார் பஞ்சு எடுக்க மருந்தறைக்குப் போனார். தனபாக்கியம் ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலை நீட்டியிருந்தார். உள்ளங்கையில் ஒரு மாத்திரை. டப்பாவில் நூறு இருந்தன, ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது. எது நிஜம், எது மாவு என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்தவரும் அவர்தான். வெகுநேரம் அந்த மாத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டப்பாவில் போட்டு மூடினார். திரும்பியபோது நிசார் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"ஒண்ணு போட்டுக்கறதுதானே அக்கா?" என்றார் நிசார். "மருந்து எல்லாருக்கும்தானே?"

"போட்டுக்கிட்டா நல்லாய்டுச்சின்னு எனக்குத் தோணும் நிசாரு. தோணிச்சின்னா அடுத்த தபா நாடாவ இறுக்கிப் புடிப்பேன். எனக்கே தெரியாம புடிப்பேன்." பிறகு, "பஞ்சு மேல் தட்டுல இருக்குது" என்றார்.

அவரைப் பற்றி நாங்கள் பெருமைப்படும் காரணங்களில் இது முதலாவது. வலி தாங்குகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். தன் ஆசையைத் தானே நம்பாதவர்கள் குறைவு.

மூன்று வருடம் முடிந்தது. 1956-இல் கணக்குப் பார்த்தபோது சிவப்பு நூலுக்கும் வெள்ளை நூலுக்கும் வித்தியாசமே இல்லை. படங்களிலும் இல்லை, சுவரிலும் இல்லை. குங்கிலியத்தால் பயன் இல்லை என்று டாக்டர் அறிக்கை தட்டச்சு செய்து வைத்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு ஷாப் முதலாளிகள் கமிட்டியின் முன்னால் அதைப் படிக்க வேண்டும். அதற்குத் தலைவர் மேல்விஷாரத்து இஷ்தியாக் அகமது.

முந்தின நாள் சாயங்காலம் தனபாக்கியம் சுவரின் முன்னால் நின்றார். மூன்று வருடக் கோடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க விட்டுவிடலாம் என்ற எண்ணம். அதாவுல்லா, பச்சையப்பன் என்ற ஜோடியின் கோடுகளில் கண் நின்றது. அதாவுல்லாவுக்குச் சிவப்பு. பச்சையப்பனுக்கு வெள்ளை. இருவர் கோடும் சமமாக இறங்கி வந்திருந்தன. நடுவில் ஓர் இடத்தில் பச்சையப்பன் கோடு மட்டும் நான்கு விரற்கடை மேலே ஏறியிருந்தது. தேதியைப் பார்த்தார். அதாவுல்லா தன் அண்ணனின் கடையைப் பார்த்துக்கொள்ள இரண்டு மாதம் மேல்விஷாரம் போயிருந்த சமயம் அது. மாவு உருண்டை தின்கிறவனுக்குத் தோஸ்த் ஊருக்குப் போனால் முட்டி ஏன் கெட வேண்டும்?

பதில் அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறோம். ஆனாலும் ஷாப் விடும் நேரத்தில் வாசலில் போய் நின்று இருவரையும் கூப்பிட்டார்.

"பச்சையப்பா, மாத்திரைய ஒழுங்கா சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் நர்சம்மா."

"எந்த மாத்திரைய?"

பச்சையப்பன் தொட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் அதாவுல்லாவைப் பார்த்தார். "நீயே சொல்லுடா. நீதானே கடிச்சிப் பாத்தவன்."

"கடிக்கக் கூடாதுன்னு சொன்னேனே அதாவுல்லா."

"சொன்னீங்க. அதனாலதான் கடிச்சேன்," என்றார் அதாவுல்லா. "என்னுது ஒரே கசப்பு. இவன்துல ஒண்ணக் கடிச்சா, மாவும் வெல்லமும். ஒரு தோல ரெண்டு பேரும் தூக்கறோம். எனக்கு மட்டும் மருந்து, இவனுக்கு மாவுன்னா இன்னா நாயம்? அன்னிலேருந்து ரெண்டு பொட்டலத்தையும் கொட்டிக் கலந்து ஆளுக்குப் பாதியா பாகம் போட்டுக்கிட்டோம்."

"நீங்க ரெண்டு பேருமா, இல்ல எல்லாருமா?"

"எங்க ஷாப்ல எல்லாரும்தான். மத்த ஷாப்புங்களுக்கும் சொல்லி வுட்டேன். நம்ப ஜனம் பேஜார்ல இருக்கச் சொல்ல, நமக்குத் தெரிஞ்சத மறைக்கறது தப்பு இல்லீங்களா?"

"பாதி சாப்ட்டே எனக்கு இவ்ளோ சுகம்," என்று பச்சையப்பன் அவரைத் தேற்றப் பார்த்தார். "முழுசா குடுத்திருந்தீங்கன்னா ஓடியே இருப்பேன்."

தனபாக்கியம் அவர்களைத் திட்டவில்லை. திட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு பீடியைக்கூட இரண்டாகக் கிள்ளுகிறவர்கள் அவர்கள். பதினைந்து வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர். அப்படிப்பட்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுக்க யோசித்த மூளை யாருடையது? பையின் கனம் தெரியாமல் வீடு திரும்பிய நாள் ஞாபகம் வந்தது. மூன்று வருடம் போனதைவிட அதுதான் அதிகமாகச் சுட்டது. தன் பெருமை எது என்று நினைத்திருந்தாரோ, பிழை அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

பேசாமல் இருக்கலாம். ஒரு காகிதம் படிக்கப்படும், ஒரு கோப்பு மூடப்படும். யார் பெயரும் கெடாது. ஆனால் அந்தக் காகிதத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் அந்தப் பிசினைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முட்டிகள் மட்டும் படியேறி வந்துகொண்டே இருக்கும். அவர் கை பழையபடி கட்டுப் போட்டு அனுப்பும்.

மறுநாள் காலை கமிட்டி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் டாக்டர் அவருக்குக் கிடைத்தார். வராந்தாவிலேயே எல்லாவற்றையும் சொன்னார். "சிஸ்டர், எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க," என்றார் டாக்டர். "இத நாளைக்குப் பேசிக்கலாமே." இதை மறைக்காமல் எழுதும்படி டாக்டரே எங்களிடம் சொன்னார். தனபாக்கியம் அவருக்கு முன்னால் அறைக்குள் போனார். கூட்டங்களில் அவர் பேசியதே கிடையாது. சுவர்ப் பக்கமாக நின்றுகொண்டு, என்ன நடந்தது என்று ஆதியிலிருந்து சொன்னார். ஒரு விவரத்தையும் விடவில்லை.

இஷ்தியாக் அகமது தாடியைத் தடவிக்கொண்டே முழுவதும் கேட்டார். "மூணு வருஷம் தோல ஊற வெச்சிட்டு, இப்ப பதம் தெரியலன்னு சொல்றீங்க. சரி. தோல் கெட்டுச்சா, ஊற வெச்ச மரப்பட்டத் தண்ணி கெட்டுச்சா?"

"ரெண்டும் கெடலீங்க. தொட்டில போட்ட விதம் தப்பு."

"போட்டது யாரு?"

"நான்தாங்க. யோசனையும் என்னுது."

இஷ்தியாக் அகமது தாடியிலிருந்து கையை எடுத்தார். அவர் மற்ற முதலாளிகளைப் பார்த்துச் சொன்னார்: "நாப்பது வருஷமா ஷாப் நடத்தறேன். தோல் பாழானா தண்ணி மேல சொல்வான், வெயில் மேல சொல்வான், பக்கத்து ஆளு மேல சொல்வான். நாந்தான் போட்டேன்னு ஒருத்தன் வந்து சொன்னதில்ல." பிறகு தனபாக்கியத்திடம், "மறுபடி போடுங்க. எத்தன வருஷம் ஆகும்?"

"ஆறு," என்றார் டாக்டர், தட்டச்சு செய்த அறிக்கையை இரண்டாக மடித்தபடி.

அந்த ஆறு வருடம் 1957 முதல் 1963 வரை. இந்த முறை ஜோடியில் இருவருக்கும் ஒரே நூல். எந்த ஷாப்புக்கு எந்த நூல் என்பதைப் பானையில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். மாத்திரை உருட்டும் வேலையைத் தனபாக்கியம் தானாகவே நிசாரிடம் கொடுத்துவிட்டார். எந்த நூல் நிஜம் என்று எழுதிய காகிதம் அரக்கு முத்திரையோடு டாக்டரின் இரும்பு பீரோவுக்குள் போனது. "எனக்கும் தெரியக் கூடாது சார்" என்றார். பாகம் போடுகிறவர்களின் குணத்தை மாற்ற முயலாமல், அந்தக் குணத்துக்கு இடம் வைத்து வேலையை மாற்றினார். இது எங்கள் இரண்டாவது பெருமை.

உறை பிரித்த நாள் இந்த அறை நிரம்பியிருந்தது. இந்த முறையும் சிவப்பு நூலே நிஜ மருந்து. அதைச் சாப்பிட்டவர்களுக்கு வலியும் வீக்கமும் கம்மி. ஆனால் நன்றாகத் தேய்ந்துவிட்ட முட்டிகளின் படத்தில் இரண்டு நூலுக்கும் பேதமில்லை. போனது போனதுதான். தேய்மானம் அப்போதுதான் தொடங்கியிருந்த பதினேழு பேரின் படங்களை டாக்டர் தனியாக வைத்து, எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்தார். சிவப்பு நூல்காரர்களுக்கு அந்த இடைவெளி குறைந்தது மெதுவாகத்தான் இருந்தது.

"அப்ப மருந்து வேல செய்யுது," என்றார் அதாவுல்லா.

"செய்யலாம்," என்றார் தனபாக்கியம்.

"பத்து வருஷமா இழுத்து, இன்னும் 'செய்யலாம்'தானா நர்சம்மா?"

"பதினேழு பேர வெச்சி அவ்ளோதான் சொல்ல முடியும் அதாவுல்லா."

பச்சையப்பன் எழுந்தார். "எங்க ஷாப்புக்கு வெள்ள நூலாச்சே, அப்ப மாவா?" ஆமாம் என்றதும் முட்டியைத் தடவிப் பார்த்தார். "ஆறு வருஷம் மாவு தின்னு முட்டி அப்பிடியேதான் இருக்குது. மாவுதான் மருந்தோ இன்னாவோ." அன்று சிரிக்காதவர் யாருமில்லை. வெள்ளை நூல்காரர் எல்லோருக்கும் அன்று மாலையே தனபாக்கியம் சிவப்பு நூல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

இந்த முறை டாக்டர் எழுதிய அறிக்கையின் கடைசி வரி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். "பதினேழு பேர் போதாது, இன்னும் அதிகம் பேரைப் பார்த்த பிறகே உறுதி சொல்ல முடியும்." அந்த வரியை டாக்டர் முதலில் சேர்க்கவில்லை. தனபாக்கியம் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். கால் வலியோடு ஒருவர் அப்படி நிற்பதை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? டாக்டர் எழுதிவிட்டார். அந்த ஒரு வரியால்தான் மூன்றாவது சுற்றுக்கு வழி பிறந்தது. ஆம்பூர், மேல்விஷாரம் தோல் ஷாப்புகளிலிருந்தும், குடியாத்தம் தறிக்குழிகளில் கால் தொங்கப்போட்டு நெய்கிறவர்களிலிருந்தும், தேய்மானம் இப்போதுதான் தொடங்கிய அறுபது பேர். நாளை, ஜூன் முதல் தேதி, ஆரம்பம்.

தனபாக்கியம் என்ற ஒருவரின் கதை இத்தோடு முடிந்தது. அம்மையீர், இனி உங்களோடு நேராகப் பேச அனுமதி கொடுங்கள்.

போன மாதம் ஓய்வுக் காகிதத்துக்குத் தேவை என்று சொல்லி உங்களை வேலூருக்கு அனுப்பி இரண்டு முட்டிகளையும் படம் எடுக்க வைத்தோம். அப்படி ஒரு காகிதமே கிடையாது. இருபத்தைந்து வருடத்தில் உங்களிடம் நாங்கள் சொன்ன ஒரே பொய் அது. படத்தை டாக்டர் பார்த்தார். உங்கள் வலது முட்டி ரொம்பவே தேய்ந்துவிட்டது. அதற்கு எங்களிடம் இருப்பது ஒத்தடமும் ஒரு நல்ல கைத்தடியும்தான். நிசார் வாங்கி வைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஆனால் இடது முட்டியில் தேய்மானம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

மாத்திரை உருட்டியவர் என்று முதல் சுற்றில் உங்களை நீங்களே விலக்கிக்கொண்டீர்கள். அளப்பவர் என்று இரண்டாவது சுற்றிலும் விலக்கிக்கொண்டீர்கள். நாளை முதல் நீங்கள் உருட்டவும் மாட்டீர்கள், அளக்கவும் மாட்டீர்கள். விலகி நிற்க இனி உங்களுக்குக் காரணம் ஒன்றுமில்லை. புதுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் முதல் பெயராக உங்கள் பெயரை எழுதியிருக்கிறோம். கதவுக்குப் பின்னால் அந்தச் சுவரில், இத்தனை வருடக் கோடுகளுக்குப் பக்கத்தில், ஒரு முழ இடம் காலியாக விட்டிருக்கிறோம். இந்த முறை நூல்களின் நிறம் வேறு, உங்களுக்கு வருவது மருந்தா மாவா என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கேட்கவும் கூடாது, கடிக்கவும் கூடாது. அதாவுல்லா பாதி தருகிறேன் என்று வருவார். அவரிடமிருந்து வாங்கவும் கூடாது. ஒருவேளை ஆறு வருடமும் உங்களுக்கு மாவுதான் கிடைக்கலாம். அப்போதும் நீங்கள் வந்து சுவரில் முதுகைச் சாய்ப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதுதான் எங்கள் மூன்றாவது பெருமை.

ஓய்வு பெறுகிறவர்களை உயர்க உயர்க என்று வாழ்த்துவது வழக்கம். உங்கள் கோடு வருடத்துக்கு வருடம் தாழ்க என்று நாங்கள் வாழ்த்துகிறோம். தரையைத் தொடும் அளவுக்குத் தாழட்டும். அதைப் பார்த்துக் கோடு போட நாங்கள் இருப்போம், படியேறி வர நீங்கள் இருக்க வேண்டும்.

இன்றோடு உங்கள் வலது முட்டி பணி ஓய்வு பெறுகிறது. இடது முட்டி நாளைக் காலை எட்டு மணிக்கு வேலையில் சேர வேண்டும்.

உங்கள் நாடாவை இனிக் கழுத்தில் அணியப் போகும்
மருந்தக ஊழியர்கள் அனைவரும்,
டாக்டர் ராமமூர்த்தி,
கம்பவுண்டர் நிசார் அஹமது,
தோல் ஷாப் தொழிலாளர் சார்பில் அதாவுல்லா, பச்சையப்பன்
(இருவருக்குமாகச் சேர்த்து ஒரே கையெழுத்து, ஆளுக்குப் பாதி)